முட்டித் தசைநாண் வலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். பகலில் சிகிச்சை அறை, சாயங்காலம் எங்கள் ஊர் வாலிபால் கிரவுண்ட். இரண்டு இடத்திலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கோடையில் மின்னொளிப் போட்டிகள் தொடங்கினால் கூட்டம் கூடும். காவலர் தேர்வு அறிவிப்பு வந்தால் இன்னும் கூடும். நின்றபடி பாதி பதில் சொல்லி அனுப்புவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

கல்லூரி அணியில் ஆடிய காலத்தில் எனக்கே இந்த வலி வந்து ஒரு வருட ஆட்டம் போயிற்று. அப்போது எனக்குத் தெரியாமல் போனவைதான் இதில் அதிகம்.

மேடம், முட்டியில நரம்பு இழுத்துக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எந்த நரம்பு?

பேச்சில் நாம் நரம்பு என்று சொல்வது பல நேரங்களில் நரம்பே இல்லை. இங்கே வலிப்பது தசைநாண்: தசையை எலும்போடு சேர்த்துக் கட்டும், வெள்ளையான, கயிறு போன்ற திசு. முன்தொடைத் தசைகள் நான்கும் கீழே ஒரே நாணாகத் திரண்டு முட்டிச்சில்லின் மேல் விளிம்பைப் பிடிக்கின்றன. சில்லின் கீழ் முனையிலிருந்து அது மறுபடி தொடங்கி, நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கி, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் போய் ஒட்டுகிறது. காலை நீட்டுவது, படி ஏறுவது, குதிப்பது, குதித்து இறங்கும்போது உடம்பைத் தாங்குவது எல்லாமே இந்த நாண் வழியாகத்தான் நடக்கிறது.

இது பழுதாவது இரண்டு விதம். வழுக்கும்போது காலை ஊன்றி நிறுத்தி, ஒரே நொடியில் இழுபடுவது ஒன்று. தாங்கும் அளவை மீறி மாதக்கணக்கில் குதித்து, உள்ளே இழைகள் நைந்துபோவது இன்னொன்று. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. "போன ஞாயிறுதான் இழுத்துச்சு" என்பார்கள். விசாரித்தால் மூன்று மாதமாகவே படி இறங்கும்போது சுருக்கென்று குத்திக்கொண்டிருந்திருக்கும்.

'ஜம்பர்ஸ் நீ', அதாவது குதிப்பவர்களின் முட்டி, என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. 1973இல் அமெரிக்க மருத்துவர் மார்ட்டின் பிளாசினாவின் கட்டுரைக்குப் பிறகு பரவிய பெயர். 2005இல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், உயர்மட்ட வாலிபால் வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கும், கூடைப்பந்து வீரர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கும் இந்த வலி இருந்தது.

ஜவ்வு கிழிஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள். விரல் நேராகச் சில்லின் கீழ் முனைக்குப் போனால், அங்கே அழுத்தினால் வலித்தால், அது பெரும்பாலும் தசைநாண்தான். குதிக்கும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கும், சமதளத்தில் நடந்தால் அவ்வளவாகத் தெரியாது. ஆட்டம் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, மறுநாள் காலையில் கூடுதலாக வரும். முட்டியை மடக்கியபடி பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். முட்டி பெரிதாக வீங்காது.

ஜவ்வு என்று ஊரில் சொல்வது மூட்டுக்குள் இருக்கும் வட்டையோ, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநாரையோ. அவை பழுதானால் திரும்பும்போது வலிக்கும், முட்டி வீங்கும், பூட்டிக்கொள்ளும், சில நேரம் கால் மடங்கிவிடும். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் சில்லைச் சுற்றித் தடவிக் காட்டுகிறீர்கள் என்றால், அது சில்லுக்கு அடியில் வரும் வலியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமும் கொஞ்சம் வேறு.

எந்த மாதிரி இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

'டப்' என்ற சத்தம் கேட்டு, மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்க முடியவில்லை என்றால், அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நாண் முழுதாக அறுந்திருக்கலாம். சில்லுக்குக் கீழே பள்ளம் தட்டுப்படும், சில்லு மேலே ஏறி நிற்கும். இதற்குப் பயிற்சி உதவாது. அறுவை சிகிச்சைதான், அதுவும் சீக்கிரம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் தசை சுருங்கி, தைப்பதே சிரமமாகிவிடும். பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு 2000 ஏப்ரலில் நடந்தது இந்த முழு அறுபடல்தான். முந்தின நவம்பரில் அதே நாணில் பகுதி கிழிந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார். திரும்பி வந்த ஆட்டத்தில் சில நிமிடங்களிலேயே அறுந்தது. 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்ததும் அதே முட்டியோடுதான்.

அடிபட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்து போல வீங்கினாலும், மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலும், காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதித்தாலும், கெண்டைக்கால் வீங்கி இறுகினாலும் காத்திருக்க வேண்டாம். அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவு முழுக்க வலிப்பது தசைநாணின் இயல்பு இல்லை. அதையும் காட்டிவிடுங்கள்.

இன்னிக்குத்தான் இழுத்துச்சு. ஐஸ் வைக்கிறதா, சுடுதண்ணி ஒத்தடமா?

முதல் இரண்டு மூன்று நாள் சூடு வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி மட்டுப்படும். அதற்கு மேல் அது எதையும் ஆற்றுவதில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, கால் உயர்த்தல் என்ற பழைய முறையை 1978இல் எழுதிப் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே வலி பொறுக்க முடியாதபோது மட்டும் வைத்தால் போதும்.

கிரேப் பேண்டேஜ் கட்டலாம், விரல்கள் மரத்துப்போகாத அளவுக்கு. குதிப்பதும் ஓடுவதும் கூடாது. வீட்டுக்குள் நடப்பதும், காலை மெதுவாக மடக்கி நீட்டுவதும் முதல் நாளிலிருந்தே நல்லது. நான்கைந்து நாளில் வலி தணியத் தொடங்கியதும் கீழே சொல்லும் பயிற்சிக்கு வந்துவிடலாம்.

எங்க ஊர்ல நல்லா உருவி விடுற தாத்தா இருக்காரு. அவர்கிட்ட போகலாமா?

புதிதாக இழுத்த நாணைக் கட்டைவிரலால் அழுத்தி உருவுவது தவறு. நைந்த இழைகளை மேலும் நசுக்குவதுதான் அது. சுளுக்கு எடுக்கிறேன் என்று முட்டியை மடக்கித் திருப்பி இழுப்பது அதைவிட ஆபத்து. ஒரு வாரம் போன பிறகு, எண்ணெய் போட்டுத் தொடைத் தசையை மட்டும் இதமாக நீவிவிட்டால் இறுக்கம் குறையும், அதில் தப்பில்லை. சில்லுக்குக் கீழே கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பற்று போடுவதும் அப்படித்தான். இதமாக இருந்தால் போடலாம், தோல் கொப்பளித்தால் நிறுத்திவிடுங்கள். அதை நம்பிப் பயிற்சியை விடாமல் இருந்தால் சரி.

ரெண்டு வாரம் ஃபுல் ரெஸ்ட் எடுத்தேன், வலி சுத்தமா போச்சு. கிரவுண்டுக்குப் போன முதல் நாளே திரும்ப வந்துடுச்சு. ஏன்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஓய்வில் வலிதான் போகிறது. நாணின் தாங்கும் சக்தி கூடுவதில்லை, குறைகிறது. வேலை இல்லாத தசை இளைப்பது கண்ணுக்குத் தெரியும். நாண் தளர்வது தெரியாது. இரண்டு வாரம் கழித்து, முன்பைவிடப் பலவீனமான நாணோடு, முன்பு குதித்த அதே எண்ணிக்கை குதிக்கிறீர்கள். அது மறுபடி நைகிறது. இதே சுற்றை நான்கு முறை சுற்றி வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் வலி இன்னும் குறைந்த வேலைக்கே வரத் தொடங்கும்.

தசைநாண் புதுப்பிக்கும் வேகமும் மிகக் குறைவு. குதிகால் தசைநாணை வைத்து 2013இல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களிலும் 60களிலும் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனின் தடத்தை நாணுக்குள் தேடிப்பார்த்தார்கள். நாணின் நடுப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி, அதன் பிறகு பெரும்பாலும் அப்படியே இருப்பது தெரிந்தது. ஆகவே நைந்த பகுதி உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சுற்றியிருக்கும் நல்ல இழைகளைப் பலப்படுத்தி, அவை சுமையைத் தாங்கும்படி செய்யலாம். அதைச் செய்ய நாணுக்குத் தெரிந்த ஒரே மொழி சுமைதான்: மெதுவாக, அளந்து, வாரம் வாரமாகக் கூட்டிக் கொடுக்கும் சுமை.

வலிக்கும்போதே எக்சர்சைஸ் பண்ணச் சொல்றீங்க. கிழிஞ்சிடாதா?

பயம் நியாயமானது. அதற்காகத்தான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். வலியே இல்லை என்றால் 0, தாங்க முடியாத வலி என்றால் 10. பயிற்சியின்போது 3 வரை வலி வரலாம். அதைத் தாண்டினால் சுமையைக் குறையுங்கள்.

அதைவிட முக்கியம் மறுநாள் காலை. எழுந்து கொஞ்சம் நடந்த பிறகு, ஒற்றைக்காலில் நின்று ஐந்து முறை பாதி அளவு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். நேற்றுக் காலை இருந்த அதே மதிப்பெண் என்றால் நேற்றைய சுமை சரி. கூடியிருந்தால் அது அதிகம். தசைநாண் உடனே குரல் கொடுக்காது, 24 மணி நேரம் கழித்துத்தான் சொல்லும். ஒரு சின்ன நோட்டில் தினமும் அந்த எண்ணை எழுதி வைக்கச் சொல்வேன். எழுதுகிறவர்கள் தேறுவதையும், ஞாபகத்தை நம்புகிறவர்கள் தடுமாறுவதையும் வருடக்கணக்காகப் பார்க்கிறேன்.

சரி, என்னதான் செய்யணும்? முதல்லேர்ந்து சொல்லுங்க அக்கா.

முதல் கட்டம், அசையாமல் சுமை தாங்குவது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்த மாதிரி நில்லுங்கள். 45 நொடி. இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து முறை. தினமும் செய்யலாம். 45 நொடி லேசாக இருந்தால் வலிக்கிற காலுக்கு அதிக எடையைக் கொடுங்கள். 2015இல் ஆஸ்திரேலியாவில் ஆறு வாலிபால் வீரர்களிடம் இந்த மாதிரிப் பயிற்சியைச் செய்ய வைத்தபோது வலி உடனே குறைந்து, 45 நிமிடம் வரை அப்படியே இருந்தது. எல்லோருக்கும் அந்த அளவு குறையும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம் இதைச் செய்து, ஒற்றைக்காலில் பாதி அளவு உட்காரும்போது வலி 3க்குள் வந்ததும் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாம் கட்டம்தான் மருந்து. கனமான எடை, மெதுவான அசைவு. எடையைச் சுமந்து, மூன்று நொடி எண்ணி உட்கார்ந்து, மூன்று நொடி எண்ணி எழ வேண்டும். முதலில் ஒரு சுற்றுக்கு 15 முறை, நான்கு சுற்று. வாரங்கள் போகப்போக எடையைக் கூட்டி, எண்ணிக்கையை 12, 10, 8 என்று குறைக்க வேண்டும். 8 முறைக்கு மேல் ஒன்றுகூடச் செய்ய முடியாது என்ற அளவுக்கு எடை இருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். கடுமையான வேலைக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். இடைவெளி விடாமல் தினமும் செய்தால் கட்டும் வேலைக்கு நேரமே கிடைக்காது. குறைந்தது 12 வாரம்.

மூன்றாம் கட்டம் குதித்தல். இரண்டு காலில் சின்னக் குதிப்பு, ஸ்கிப்பிங் கயிறு, அப்புறம் படியிலிருந்து இறங்கிக் குதிப்பது, கடைசியில் ஒற்றைக்கால். இரண்டு நாள் இடைவெளி விட்டு, குதிப்புகளை எண்ணிக்கொண்டு. இரண்டாம் கட்டப் பயிற்சியை இதனோடு சேர்த்தே தொடர வேண்டும். நான்காவதுதான் கிரவுண்ட்.

ஜிம்முக்குப் போக வசதி இல்லை. வீட்டுலயே முடியுமா?

முடியும். பழைய ஸ்கூல் பையில் செங்கல் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ வரும், எடை கூட்டுவதை எண்ணிக் கணக்கு வைக்கலாம். பை பத்தாதபோது ஒற்றைக்காலுக்கு மாறுங்கள். அப்போது உங்கள் உடம்பே எடை. நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக்காலால் எழுவது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படியில் ஒற்றைக்காலால் மெதுவாக இறங்குவது எல்லாம் நல்ல பயிற்சி. குதிகாலுக்குக் கீழே சாய்வுப் பலகை வைத்து உட்கார்ந்தால் நாணுக்கு வேலை கூடும், அதைக் கொஞ்ச நாள் பழகிய பிறகு செய்யலாம்.

எங்கள் கிரவுண்டில் பெஞ்சுக்கு அடியில் எப்போதும் எட்டுச் செங்கல் இருக்கும். யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

எத்தனை நாள்ல சரியாகும்னு உறுதியா சொல்லுங்க.

புதிதாக லேசாக இழுத்தது என்றால் மூன்றிலிருந்து ஆறு வாரம். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு வந்தது என்றால் மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும், ஆட்டத்துக்கு முழுதாகத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இந்த வலி உள்ள 76 விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மேலே சொன்னபடி கட்டம் கட்டமாகச் சுமை கூட்டிய குழுவில், 24 வாரத்தில் பழைய தரத்துக்கு ஆடத் திரும்பியவர்கள் 43 சதவீதம். வலியோடு சாய்வுப் பலகையில் இறங்கும் பழைய முறைப் பயிற்சி செய்தவர்களில் 27 சதவீதம். நல்ல முறையிலேயே ஆறு மாதத்தில் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை. ஆனால் அந்தக் குழுவில் வலியும் செயல்திறனும் சராசரியாக நன்றாகவே முன்னேறியிருந்தன.

இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். அப்போது நான் சொல்வது டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலைப் பற்றி. 2012 விம்பிள்டனுக்குப் பிறகு இடது முட்டி நாண் பிரச்சினையால் ஏழு மாதம் ஆடவில்லை. உலகத்தின் எல்லா வசதியும் கைக்கெட்டிய ஒருவருக்கு ஏழு மாதம். திரும்பி வந்த 2013இல் பிரெஞ்சு ஓபனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார்.

அடுத்த மாசம் எங்க ஊர் டோர்னமெண்ட். விளையாடிக்கிட்டே சரி பண்ண முடியாதா?

காலை மதிப்பெண் 3க்குள் இருந்தால், ஆட்டத்தை விடாமல் குதிப்பை மட்டும் குறைத்து முயலலாம். குதித்துப் பந்தை அடிக்கும் ஸ்பைக்கர் என்றால், சில வாரம் பின்வரிசையில் பந்தை எடுக்கும் லிபரோவாக ஆடுங்கள். வாரத்தில் ஆறு நாள் ஆட்டத்தை மூன்றாக்குங்கள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மண் தரையிலோ புல்லிலோ ஆடுங்கள், சிமெண்ட் தரை வேண்டாம். மதிப்பெண் 5ஐத் தாண்டினால் இந்தப் போட்டி உங்களுக்கு இல்லை.

ஒரே இரவில் ஐந்து ஆட்டம் ஆட வைக்கும் மின்னொளிப் போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடிய விடிய ஆடி, கோப்பையோடு வரும் பையன்களின் சந்தோஷம் எனக்குத் தெரியும். அந்த ஒரு இரவின் குதிப்புகள் இரண்டு வாரப் பயிற்சிக்குச் சமம் என்பதும் தெரியும். அணியில் பத்துப் பேரை வைத்து மாற்றி மாற்றி இறக்குங்கள் என்று கேப்டன்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கேப் போடலாமா? முட்டிக்குக் கீழ பெல்ட் கட்டுறாங்களே, அது?

முட்டி உறையோ பெல்டோ, கட்டினால் வலி குறைகிறது என்றால் கட்டுங்கள். சிலருக்கு உதவுகிறது. நாணைக் குணமாக்குவதில்லை. வலி தெரியவில்லை என்று கூடுதலாகக் குதித்துவிடாதீர்கள்.

ஸ்கேன் எடுத்தே ஆகணுமா? ரிப்போர்ட்ல 'பகுதி கிழிசல்'னு போட்டிருக்கு, தூக்கமே வரல.

இடமும் வலியின் தன்மையும் தெளிவாக இருந்தால் முதல் மூன்று மாதத்துக்கு ஸ்கேன் தேவையில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன அறிகுறிகள் இருந்தால், அல்லது பயிற்சி ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால் எடுக்கலாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். வலியே இல்லாத வாலிபால், கூடைப்பந்து வீரர்கள் பலருக்கும் அல்ட்ராசவுண்டில் நாண் கறுத்தும் தடித்தும் தெரியும். வலி முழுதாகப் போன பிறகும் அந்தப் படம் மாறாமல் இருப்பதுண்டு. காலைத் தூக்க முடிகிறதா, காலை மதிப்பெண் வாரம் வாரம் இறங்குகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய ரிப்போர்ட்.

ஒரு ஊசி போட்டா பத்து நாள்ல ஓடலாம்னு சொல்றாங்க. உண்மையா?

இந்தக் கேள்விக்கு என் கதையைச் சொல்ல வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்று வாரம் வலியே இல்லை. மண்டல அளவிலான போட்டியில் ஆடினேன். நான்காவது வாரம் வலி முன்பைவிட மோசமாக வந்தது. அதற்கப்புறம்தான் அந்த ஒரு வருடம் போயிற்று. ஊசி போட்டவர் குதிக்காதே என்றும் சொல்லவில்லை, பயிற்சி செய் என்றும் சொல்லவில்லை.

2009இல் வந்த டேனிஷ் ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. 12 வாரத்தில் ஊசி போட்டவர்களும் பயிற்சி செய்தவர்களும் சமமாக முன்னேறியிருந்தார்கள். ஆறு மாதத்தில் ஊசிக் குழுவின் முன்னேற்றம் சரிந்துவிட்டது, கனமான எடையை மெதுவாகத் தூக்கியவர்களின் முன்னேற்றம் நிலைத்தது. சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியும் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது, செலவும் அதிகம். 2019இல் வெளியான ஒரு ஆய்வில், பயிற்சியோடு சேர்த்துப் போட்ட பிஆர்பி, வெறும் உப்புநீர் ஊசியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அந்தப் பணத்தை நான் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

வலி மாத்திரை போட்டுட்டு விளையாடலாமா?

கூடாது. மாத்திரை வலியை மறைத்தால் மேலே சொன்ன மதிப்பெண் பொய்யாகிவிடும். தூங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மெடிக்கலில் கேட்டு வாரக்கணக்கில் போடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை மாத்திரைகள் தசைநாண் வீங்கவும் அறுபடவும் வாய்ப்பைக் கூட்டும். குதிகால் நாணில்தான் அதிகம். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை விதித்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மருத்துவரிடம் "எனக்குத் தசைநாண் பிரச்சினை இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் அவர் வேறு மருந்து தருவார். நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், நீங்களாகவே நிறுத்தவும் செய்யாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப் குடிச்சா நரம்பு பலப்படுமாமே?

குடியுங்கள், நல்ல உணவுதான். ஆனால் சூப்பில் இருக்கும் கொலாஜன் வயிற்றில் செரித்துத்தான் உடம்புக்குள் போகிறது, நேராக முட்டிக்குப் போய் ஒட்டாது. மூன்று வேளையும் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், கடலை. காலையில் வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஆட வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எனக்கு 52 வயசு, சுகர் இருக்கு. நான் எந்த விளையாட்டும் ஆடுறதில்லை. எனக்கு ஏன் வந்துச்சு?

சர்க்கரை கூடுதலாக இருந்தால் நாண் இழைகள் விறைத்துப்போகும், ஆறுவதும் தாமதமாகும். அதோடு வழக்கமில்லாத சுமை ஒரு நாளில் வந்திருக்கும்: பழனி மலைப்படி, வீடு மாற்றியது, கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க மாடி ஏறி இறங்கியது. உங்கள் வயதில் வலி சில்லுக்கு மேலேயும் இருக்கலாம், அது மேல்பகுதி நாண். முழு அறுபடலும் நாற்பதுக்கு மேல் அங்கேதான் அதிகம். காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை அதற்கும் பொருந்தும்.

பயிற்சி அதேதான், கட்டங்கள் மட்டும் நீளும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுவதில் தொடங்குங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் முட்டியை மட்டும் சரிசெய்வது கடினம். உங்கள் வயதில் மூட்டுத் தேய்மானமும் கூட இருக்கலாம், ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பையனுக்கு 13 வயசு. முட்டிக்குக் கீழ எலும்பு மேடா தூக்கிக்கிட்டு நிக்குது, தொட்டா கத்துறான்.

இது நாண் நைந்தது இல்லை. நாண் ஒட்டும் இடத்தில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் வரும் வலி, 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' என்பார்கள். வேகமாக உயரம் கூடும் பருவத்தில், ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். மேடு மட்டும் சிலருக்கு அப்படியே நிற்கும், அதனால் கெடுதல் இல்லை.

விளையாட்டை அடியோடு நிறுத்தாதீர்கள். வலி கூடும் வாரங்களில் குறையுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம். வளரும் பிள்ளைக்கு ஒரே பக்கம் விடாத வலி, இரவு வலி, காய்ச்சல், நொண்டல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

நான் பரதம் ஆடுறேன். அரைமண்டியில வலிக்குது. வாலிபாலுக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். அரைமண்டியில் நிற்பதே நாணுக்கு ஓயாத சுமை, அதோடு தட்டும் குதிப்பும் சேர்கிறது. முழுமண்டி அடவுகளைச் சில வாரம் விட்டுவிடுங்கள், அரைமண்டியின் ஆழத்தைக் குறையுங்கள். பாதம் வெளியே திரும்பும் அளவுக்கு முட்டியும் திரும்புகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் முட்டி முறுக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தின இரண்டு மாதத்தில் ஒத்திகையை இரட்டிப்பாக்கும்போதுதான் பலர் வருகிறார்கள். ஒத்திகையை நான்கு மாதமாகப் பரப்பும்படி ஆசிரியரிடம் பேசுங்கள். மொசைக் தரையில் வெறுங்காலால் ஆடுவதைத் தவிர்க்க முடிந்தால் மரத்தரையில் ஆடுங்கள்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடி ஆகுறேன். ரெண்டு மாசம்தான் இருக்கு, முட்டி வலிக்குது. என்ன பண்ண?

1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், கயிறு ஏற வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு தார்ச்சாலையில் தினமும் ஓடத் தொடங்குவதுதான் இந்த வலிக்குக் காரணம். இரண்டு மாதம் இருந்தால் முதல் கட்டத்தை இன்றே தொடங்குங்கள். ஓட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி மண் பாதைக்கு மாற்றுங்கள், இடையில் வரும் நாளில் சைக்கிள், கயிறு ஏறுதல். மூச்சுத் திறன் சைக்கிளில் குறையாது. நீளம் தாண்டுவதை வாரம் இரண்டு நாள், நாளுக்குப் பத்துத் தாண்டல் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கும் தம்பிகளுக்கு: இரண்டாம் கட்டத்தின் 12 வாரத்தை இப்போதே முடித்து வையுங்கள்.

சம்மணம் போட்டு உட்காரலாமா? வீட்டுல இந்தியன் டாய்லெட்தான்.

வலி கூடிய நாட்களில் முழுதாகக் குந்துவதைக் குறையுங்கள். டாய்லெட்டில் சுவரையோ கம்பியையோ பிடித்து, நல்ல காலில் எடை போட்டு எழுங்கள். வலி இறங்கியதும் பழையபடி உட்காரலாம்.

ஆறு மாசம் ஒழுங்கா செஞ்சேன், போகல. ஆபரேஷன்தானா?

முதலில் உங்கள் நோட்டைக் கொண்டு வாருங்கள். ஆறு மாதம் செய்தேன் என்பவர்களில் பாதிப்பேரின் நோட்டில் எடை முதல் மாதத்தோடு நின்றிருக்கும், அல்லது நடுவில் மூன்று முறை போட்டி ஆடியிருப்பார்கள். எடை உண்மையிலேயே கூடியும் பலனில்லை என்றால், வலி வேறு இடத்திலிருந்து வருகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இடுப்பும் கெண்டைக்காலும் பலவீனமாக இருந்தால் முட்டி அவற்றின் வேலையையும் சுமக்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் அறுவை சிகிச்சை. 2006இல் நார்வேயில் அறுவை சிகிச்சையையும் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வில், ஒரு வருட முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அறுத்த பிறகும் இதே கட்டங்களைச் செய்யத்தான் வேண்டும்.

வலி போய் ரெண்டு மாசம் ஆச்சு. இனி பயிற்சியை விட்டுடலாமா?

வாரம் இரண்டு நாள் கனமான எடைப் பயிற்சியைத் தொடருங்கள், ஆடும் காலம் முழுக்க. ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். செமஸ்டர் தேர்வு, காய்ச்சல், ஊருக்குப் போனது என்று மூன்று வாரம் விட்டுப்போனால், முதல் நாளே பழைய எடையைத் தூக்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். குதிப்பையும் அப்படியே பாதியிலிருந்து.

காலை மதிப்பெண் இரண்டு நாள் தொடர்ந்து கூடினால் மூன்றாவது நாள் வலை கட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்கோர் எழுதுங்கள். நான்காவது நாள் ஆட வரலாம்.